விமானத்தின் ரேடியோ: பேச ஒன்று, வழி பார்க்க ஒன்று, பேர் சொல்ல ஒன்று

போன மே மாத விடுமுறைக்கு அக்கா மகன் தக்கலையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். பிளைட் சிமுலேட்டரில் செஸ்னா 172 ஓட்டப் பழகுகிறான். ஏறுவது, திரும்புவது, ஒருவழியாகத் தரையில் வைப்பது வரைக்கும் கைக்கு வந்துவிட்டது. ஒரு நாள் சாயங்காலம் பார்த்தால் அரை மணி நேரமாக ஒரே திருகியை மவுஸால் உருட்டிக்கொண்டே இருக்கிறான். "மாமா, இதுல 110 வரவே மாட்டேங்குது. 118-க்குக் கீழ போனா நேரா 136-க்குத் தாவிருது. கேம் கெட்டுப்போச்சா?"

கேம் கெட்டுப்போகவில்லை. அவன் கையில் இருந்தது ஓடுபாதையில் இறங்க உதவும் கருவியின் எண். உருட்டிக்கொண்டிருந்தது பேசுகிற ரேடியோவின் திருகி. அந்த எண் அதில் எந்தக் காலத்திலும் வராது.

இவன் மட்டுமில்லை, சிமுலேட்டருக்குப் புதிதாக வருகிற பலரும் இதே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். "ரேடியோவை டியூன் பண்ணுங்க" என்று வீடியோக்களில் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எந்த ரேடியோ, எதற்கு, அதில் என்ன கேட்கும், என்ன தெரியும் என்பதை யாரும் பிரித்துச் சொல்வதில்லை. ரேடியோ என்றால் பேச்சு என்று நாமும் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் விமானத்தின் முன்பலகையில் அடுக்காக இருக்கிற ரேடியோக்களில் பேச்சுக்கென்று இருப்பது ஒரு வகைதான்.

மற்ற கருவிகளையும் ரேடியோ அலையில் ஓடுவதால் ரேடியோ என்றே அழைக்கிறார்கள். ஆனால் வேலை வேறு. காம் என்று எழுதியிருப்பது பேசவும் கேட்கவும். நேவ், ஏ.டி.எஃப்., டி.எம்.இ. என்பவை நாம் எங்கே இருக்கிறோம் என்று பார்க்க. டிரான்ஸ்பாண்டர் நாம் யார் என்று கீழே இருப்பவர்களுக்குச் சொல்ல.

101-க்கு மேலே

நம் மாவட்டத்தில் எண்ணை வைத்து ரேடியோவை அடையாளம் சொல்வது புதிதில்லை. நாகர்கோவில் வானொலியை எத்தனையோ வீடுகளில் "நூத்தி ஒண்ணு" என்றுதான் சொல்வார்கள். அது 101 மெகாஹெர்ட்ஸ். இந்த எண்ணுக்குப் பெயர் அலைவரிசை. ஒரு மெகாஹெர்ட்ஸ் என்றால் அலை நொடிக்குப் பத்து லட்சம் தடவை அதிர்கிறது என்று பொருள். அனுப்புகிற இடமும் வாங்குகிற இடமும் ஒரே எண்ணில் நின்றால்தான் ஒன்றுக்கொன்று கேட்கும்.

சாதாரண எஃப்.எம். ரேடியோவின் முள்ளை மேலே கொண்டுபோனால் 108-இல் நின்றுவிடும். நம் வீட்டு ரேடியோவுக்கு உலகம் அங்கே முடிகிறது, விமான உலகமோ சரியாக அங்கேதான் தொடங்குகிறது. 108 முதல் 117.95 வரை வழிகாட்டும் அலைகள், இது நேவ். 118 முதல் 137-க்குக் கொஞ்சம் கீழே வரை பேச்சு, இது காம்.

அக்கா மகனின் 110 காம் ரேடியோவில் ஏன் வரவில்லை என்பது இதிலேயே தெரிந்துவிடும். இனி எந்த எண்ணைப் பார்த்தாலும் முதல் மூன்று இலக்கத்தைப் பாருங்கள். 118-க்குக் கீழே இருந்தால் நேவ், 118-உம் அதற்கு மேலும் காம். இதைப் பிடித்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

பேசும் ரேடியோ

குளச்சல் பக்கம் விசைப்படகில் போகிற நண்பர் ஒருவரின் படகில் முதல்முறையாக வயர்லெஸ் செட்டை எடுத்துப் பார்த்தேன். மைக்கின் பக்கவாட்டில் ஒரு பட்டன், அழுத்தினால் நாம் பேசலாம், விட்டால் மற்றவர் பேசுவது கேட்கும், இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. அவர் சொன்னது: "எடுத்த உடனே பேசக்கூடாது கேட்டியா. யாராவது பேசிட்டு இருக்கானான்னு மொதல்ல கவனி, பொறவு அமுக்கு."

விமானத்திலும் இதேதான். போன் மாதிரி இருவருக்கு மட்டுமான தனி இணைப்பு கிடையாது. அந்த அலைவரிசையில் இருக்கிற எல்லா விமானங்களும் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பதுபோல, ஒருவர் பேசுவது எல்லோருக்கும் கேட்கும். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் யாரைக் கூப்பிடுகிறோம், நாம் யார், எங்கே இருக்கிறோம், என்ன வேண்டும் என்ற வரிசையில் சுருக்கமாகச் சொல்கிறார்கள். "திருவனந்தபுரம் டவர், விக்டர் டேங்கோ ஆல்ஃபா பிராவோ சார்லி" என்று தொடங்கினால், டவர் என்பது விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரம், விக்டர் டேங்கோ என்பது வி, டி என்ற இரண்டு எழுத்து. இந்தியாவில் பதிவான விமானங்களின் அடையாளம் அதில்தான் தொடங்கும். கீழிருந்து வரும் உத்தரவின் முக்கியமான பகுதியை அப்படியே திருப்பிச் சொல்லவும் வேண்டும். ஓட்டலில் சப்ளையர் நாம் கேட்டதை ஒருமுறை திரும்பச் சொல்லிவிட்டுப் போனால் தப்பு நடக்காது இல்லையா, அதற்காகத்தான்.

இங்கே படகு செட்டுக்கும் விமான செட்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு, எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கடலில் பயன்படும் வி.எச்.எஃப். செட் எஃப்.எம். முறையில் வேலை செய்கிறது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் பலமான அலை மெலிந்த அலையை அமுக்கிவிடும். இன்னொருவன் பேசினான் என்பதே தெரியாமல் போகலாம். விமானத்தில் இன்னும் பழைய ஏ.எம். முறைதான். இரண்டு பேச்சும் கலந்து கீச்சென்று ஒரு சத்தம் வரும். காதுக்கு நாராசமாக இருந்தாலும், வேறு யாரோ பேச முயன்றார்கள் என்று தெரிந்துவிடும். ஆபத்தில் இருக்கிற ஒருவரின் குரல் சுவடே இல்லாமல் அமுங்கிப்போவதைவிட அந்தக் கீச்சு எவ்வளவோ மேல். பழைய முறை என்று அதைக் குறைத்துப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருக்கும்.

அடுத்தது, காம் ரேடியோவில் ஏன் இரண்டு எண் தெரிகிறது? ஒன்று ஆக்டிவ், அதாவது இப்போது வேலை செய்வது. இன்னொன்று ஸ்டேண்ட்பை, அதாவது அடுத்துத் தேவைப்படும் என்று தயாராக வைத்திருப்பது. நீங்கள் திருகும்போது மாறுவது பெரும்பாலும் ஸ்டேண்ட்பை எண்தான். எண்ணைச் சரியாக வைத்துவிட்டு, இருதலை அம்பு போட்ட பட்டனை அழுத்தாமல் விட்டுவிட்டு, டவர் பதில் சொல்லவில்லை என்று காத்திருக்கிறவர்கள் ஏராளம். அழுத்தினால் இரண்டும் இடம் மாறும், அவ்வளவுதான்.

இந்த ஏற்பாடு எதற்கு என்றால், ஒரு பயணத்தில் பேசவேண்டிய ஆள் மாறிக்கொண்டே இருப்பார். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகிற ரயிலை இரணியல், குழித்துறை, பாறசாலை என்று ஒவ்வொரு ஸ்டேஷனும் அடுத்த ஸ்டேஷனிடம் ஒப்படைப்பது மாதிரி. தரையில் நகரும்போது கிரவுண்ட், ஏறவும் இறங்கவும் டவர், ஏறிய பிறகு அப்ரோச், அப்புறம் பெரிய பரப்பைப் பார்க்கிற ஏரியா கன்ட்ரோல். ஒவ்வொருவருக்கும் தனி எண். அடுத்தவரின் எண்ணை முன்கூட்டியே ஸ்டேண்ட்பையில் வைத்துக்கொண்டால் பதற்றம் இல்லை. எந்தப் பயணத்திலும் மாறாத எண் ஒன்று உண்டு: 121.5, ஆபத்துக்கானது. இரண்டாவது காம் ரேடியோவில் அதை வைத்துக் கேட்டுக்கொண்டே போகிற விமானிகள் நிறைய.

எவ்வளவு தூரம் எட்டும்?

இந்த அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் போகும். மலை குறுக்கே வந்தால் நிற்கும், பூமி வளைந்தால் அதைச் சுற்றி வராது. பேச்சிப்பாறை, கீரிப்பாறை பக்கம் போகும்போது செல்போன் சிக்னல் போய்ப்போய் வருவதைப் பார்த்திருப்பீர்கள், அந்த மாதிரி.

சமதரையாக வைத்துக்கொண்டால் ஒரு எளிய கணக்கு இருக்கிறது: உயரத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.23-ஆல் பெருக்கினால், எட்டும் தூரம் கடல் மைலில் கிடைக்கும். கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். 1000 அடியில் சுமார் 39 கடல் மைல், 10,000 அடியில் சுமார் 123. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் நேர்கோட்டில் ஏறத்தாழ 35 கடல் மைல். ஆகவே நாகர்கோவிலுக்கு மேலே 500 அடியில் பறந்துகொண்டு டவரைக் கூப்பிட்டால் கேட்காது, 1000 அடிக்கு ஏறினால் கணக்குப்படி எட்டத் தொடங்கும், நடுவே மலை மறைத்தால் இன்னும் ஏறவேண்டும். சிமுலேட்டரில் பதில் வரவில்லை என்றால் உடனே மென்பொருளைக் குறை சொல்லாமல் முதலில் உயரத்தைப் பாருங்கள்.

இதுவரை சுருக்கமாக: காம் என்றால் 118-க்கு மேலே. ஒரு நேரத்தில் ஒருவர் பேச்சு. எண்ணை ஸ்டேண்ட்பையில் வைத்து மாற்றவேண்டும். உயரம் கூடினால் எட்டும் தூரமும் கூடும்.

வழி பார்க்கும் ரேடியோ

நேவ் ரேடியோவில் யாரோடும் பேசமுடியாது. அது கலங்கரை விளக்கத்தைப் பார்ப்பது மாதிரி. விளக்கு தன்பாட்டுக்குச் சுற்றுகிறது, பார்த்து இடத்தைக் கணிக்கவேண்டியது நாம்.

முட்டம் கலங்கரை விளக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒளிக்கற்றை 36 நொடிக்கு ஒருமுறை சுற்றுவதாகக் கற்பனை செய்வோம், நொடிக்குப் பத்து டிகிரி. கற்றை சரியாக வடக்கைத் தொடும்போது மட்டும், எல்லாத் திசையிலும் தெரிகிற மாதிரி வேறொரு விளக்கு ஒருமுறை மின்னுவதாகவும் வைத்துக்கொள்வோம். கடலில் இருக்கிற நீங்கள் அந்த மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குகிறீர்கள். 18 நொடி கழித்துக் கற்றை உங்கள் கண்ணில் பட்டால், விளக்குக்கு 180 டிகிரியில், அதாவது நேர் தெற்கே இருக்கிறீர்கள். திசைகாட்டி இல்லாமலே தெரிந்துவிட்டது.

வி.ஓ.ஆர். என்கிற தரை நிலையம் செய்வது இதைத்தான். ஒளிக்குப் பதில் ரேடியோ அலை, சுற்றும் வேகம் நொடிக்கு 30 தடவை. விமானத்தின் கருவி அந்த இரண்டு அலைகளுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை அளந்து, நாம் நிலையத்திலிருந்து எந்த டிகிரிக் கோட்டில் இருக்கிறோம் என்று சொல்கிறது. அந்தக் கோட்டுக்கு ரேடியல் என்று பெயர்.

பலர் தவறாகப் புரிந்துகொள்வது இங்கேதான். வி.ஓ.ஆர். முள் நிலையத்தை நோக்கிக் காட்டுவதில்லை. நீங்கள் திருகியில் ஒரு கோட்டைத் தேர்ந்தெடுக்கிறீர்கள், அந்தக் கோட்டுக்கு இடப்பக்கம் இருக்கிறீர்களா வலப்பக்கமா என்றுதான் முள் சொல்லும். விமானத்தின் மூக்கு எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் அதற்குக் கவலை இல்லை. ஒரே இடத்தில் வட்டம் போட்டுப் பாருங்கள், முள் ஏறக்குறைய அசையாமல் நிற்கும்.

ஒரு கோடு மட்டும் தெரிந்தால் இடம் தெரியாது, அதன்மேல் எங்கேயும் இருக்கலாம். இதற்கு நம் கடற்கரை ஆட்கள் வைத்திருக்கிற வழி மிக அழகானது. ஆலயக் கோபுரத்தையும் பின்னால் இருக்கிற மலை உச்சியையும் ஒரே நேரில் வைத்து ஒரு கோடு, இன்னொரு பக்கம் வேறு கோபுரம், வேறு உச்சியை வைத்து இன்னொரு கோடு, இரண்டும் வெட்டுகிற இடத்தில் அடியில் பாறை இருக்கிறது, மீன் இருக்கிறது. நேவ் 1, நேவ் 2 என்று விமானத்தில் இரண்டு இருப்பதன் பலன்களில் இதுவும் ஒன்று. இரண்டு நிலையம், இரண்டு கோடு, வெட்டுகிற இடத்தில் நீங்கள்.

ஒரே நிலையத்தை வைத்துக்கொண்டும் இடத்தைச் சொல்லலாம், டி.எம்.இ. இருந்தால். அது தூரம் அளக்கும் கருவி. விமானம் ஒரு துடிப்பை அனுப்பும், தரை நிலையம் பதில் துடிப்பு அனுப்பும், போய்வந்த நேரத்தை வைத்துத் தூரம். இதற்குத் தனியாக எண் வைக்கவேண்டாம், நேவ் எண்ணோடு தானாகச் சேர்ந்துகொள்ளும். அது சொல்வது சாய்வான தூரம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நிலையத்துக்கு நேர் மேலே 6000 அடியில் போனால் பூஜ்யம் வராது, ஏறத்தாழ 1 கடல் மைல் என்றே காட்டும்.

டியூன் செய்த நிலையம் சரியானதுதானா என்று காதால் உறுதி செய்யலாம். ஒவ்வொரு நிலையமும் தன் சுருக்கப் பெயரை மோர்ஸ் ஒலியில் சொல்லிக்கொண்டே இருக்கும். மோர்ஸ் தெரியவேண்டாம், சிமுலேட்டர் மேப்பிலேயே அந்தப் புள்ளியும் கோடும் போட்டிருப்பார்கள், ஒப்பிட்டுக்கொள்ளலாம். நேவ் ஒலியைத் திறந்து ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் நான் முள்ளை நம்புவேன்.

அந்த 110 எதற்கு?

அக்கா மகன் தேடியது ஐ.எல்.எஸ்., மேகத்தில் எதுவும் தெரியாதபோதும் ஓடுபாதைக்கு நேராகக் கொண்டுவந்து விடுகிற ஏற்பாடு. அதுவும் நேவ் ரேடியோவில்தான் வரும்.

திருவிழாத் தெரு ஒன்றில் கண்ணை மூடி நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்க ஒலிபெருக்கியில் நாதஸ்வரம், வலப்பக்கத்தில் செண்டை. நாதஸ்வரம் கூடுதலாகக் கேட்டால் இடப்பக்கம் ஒதுங்கிவிட்டீர்கள், செண்டை கூடினால் வலப்பக்கம். இரண்டும் சமமாக இருந்தால் தெருவின் நடுவில். ஐ.எல்.எஸ்.-இல் ஓடுபாதையை நோக்கி வருகிறவருக்கு இடப்பக்கம் 90 ஹெர்ட்ஸ் ஒலி, வலப்பக்கம் 150 ஹெர்ட்ஸ் ஒலி பலமாக இருக்கும். கருவி இரண்டையும் ஒப்பிட்டு முள்ளை நகர்த்துகிறது. இதே உத்தியை மேல் கீழாகவும் வைத்திருக்கிறார்கள். அதுதான் சரிவுப் பாதை, வழக்கமாக 3 டிகிரி, ஒரு கடல் மைலுக்குச் சுமார் 300 அடி இறக்கம்.

எண்ணைச் சரியாக வைத்த பிறகும் முள் ஒத்துழைக்கவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: முள் இன்னும் ஜி.பி.எஸ்.-இல் நிற்கிறது. ஜி1000 திரை உள்ள விமானத்தில் சி.டி.ஐ. என்ற பட்டனை அழுத்தி மாற்றவேண்டும். இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் ஜி.பி.எஸ்., பச்சை என்றால் நேவ் ரேடியோ. நிறத்தைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் ஆட்டோபைலட் வேறு எங்கேயோ இழுத்துக்கொண்டு போவதும் நின்றுவிடும்.

ஏ.டி.எஃப். பற்றி ஒரு வார்த்தை

இதன் முள்தான் நிலையத்தை நோக்கியே திரும்பும். 190 முதல் 1750 கிலோஹெர்ட்ஸ் வரை, அதாவது நம் மீடியம் வேவ் ரேடியோ இருக்கிற பகுதியில் வேலை செய்யும். வீட்டுப் பெரியவர்கள் இலங்கை வானொலி கேட்ட காலத்தில் டிரான்சிஸ்டரைத் திண்ணையில் இப்படியும் அப்படியும் திருப்பி வைப்பார்கள், ஒரு திசையில் பாட்டு தெளியும், ஒரு திசையில் மங்கும். உள்ளே இருக்கும் கம்பிச்சுற்று திசையை உணர்வதால் வருவது அது. ஏ.டி.எஃப். அதையே தானாகச் செய்கிறது. இதற்கான என்.டி.பி. நிலையங்கள் பல நாடுகளில் குறைந்துகொண்டே வருகின்றன, அதனால் முதலில் வி.ஓ.ஆர். படித்துவிட்டு அப்புறம் இதற்கு வந்தால் போதும்.

பேர் சொல்லும் ரேடியோ

மலைக்கு எதிரே நின்று கூவினால் எதிரொலி வரும். பழைய ராடார் அப்படி, ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது என்று மட்டும் தெரியும். வகுப்பில் ஆசிரியர் வருகைப் பதிவு எடுப்பது வேறு. எண்ணைக் கூப்பிட்டால் பையனே எழுந்து "உள்ளேன் ஐயா" என்கிறான். டிரான்ஸ்பாண்டர் அந்த இரண்டாவது வகை. தரையிலிருந்து 1030 மெகாஹெர்ட்ஸில் கேள்வி வரும், விமானம் 1090 மெகாஹெர்ட்ஸில் தன் எண்ணைச் சொல்லும், ஆல்ட் என்ற நிலையில் வைத்திருந்தால் உயரத்தையும் சேர்த்துச் சொல்லும். ஸ்டேண்ட்பையில் விட்டால் பதில் சொல்லாது. சிமுலேட்டரில் ஆன்லைனில் பறக்கும்போது "உங்களைத் திரையில் காணோம்" என்று கன்ட்ரோலர் சொன்னால் முதலில் பார்க்கவேண்டியது இந்தத் திருகிதான்.

அந்த நான்கு இலக்க எண்ணுக்கு ஸ்குவாக் என்று பேர். ஒவ்வொரு இலக்கமும் 0 முதல் 7 வரைதான், 8-உம் 9-உம் கிடையாது. மொத்தம் 4096 எண்கள். இது அலைவரிசை இல்லை என்பதை அழுத்திச் சொல்லவேண்டும், இதை எந்த ரேடியோவிலும் டியூன் செய்யமுடியாது. ஆஸ்பத்திரியில் ஓ.பி. டோக்கன் வாங்குவது மாதிரி, அந்தப் பயணத்துக்கு மட்டும் கன்ட்ரோலர் கொடுப்பது. மூன்று எண்களை மட்டும் விளையாட்டாகக்கூட வைக்கக்கூடாது: 7500 கடத்தல், 7600 ரேடியோ பழுது, 7700 ஆபத்து. வாட்சிம் போன்ற இணையப் பறப்பு வலையமைப்பில் 7500-க்கு அனுமதியே இல்லை.

ஒரு சின்னப் பறப்பு

நம் மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. ஆனாலும் இதையெல்லாம் பழக நம் ஊர் வானமே போதும். திருவனந்தபுரத்தில் ஏறுங்கள். காம் 1-இல் டவர், ஸ்டேண்ட்பையில் அப்ரோச். நேவ் 1-இல் அங்குள்ள வி.ஓ.ஆர்., எண்ணை மேப்பில் பார்த்துக்கொள்ளலாம். மோர்ஸைக் கேளுங்கள். சி.டி.ஐ. பச்சையில் இருக்கட்டும். 125-ஐ ஒட்டிய ரேடியலைத் தேர்ந்தெடுத்து, முள்ளை நடுவில் வைத்துக்கொண்டு 3500 அடியில் வெளியே வாருங்கள். மார்த்தாண்டமும் தக்கலையும் அந்தக் கோட்டை ஒட்டியே வரும், வலப்பக்கம் கடல் தெரியும். டி.எம்.இ. 45-ஐ நெருங்கும்போது எதிரே விவேகானந்தர் பாறை.

இதே பாதையில் பறந்து அங்கே வந்ததும் அக்கா மகனை 1000 அடிக்கு இறங்கச் சொன்னேன். திரையில் இருந்த தூரம் சட்டென்று மறைந்து கோடுகள் மட்டும் நின்றன. "மாமா, போயிருச்சு" என்று பதறினான். எதையும் தொடாமல் திரும்ப ஏறு என்றேன். 1000 அடிக்கு 39 கடல் மைல்தானே எட்டும், போதாததற்கு வேளிமலை வேறு குறுக்கே. 2000-ஐத் தாண்டி இன்னும் கொஞ்சம் ஏறியதும், அவன் எந்தத் திருகியையும் தொடாமலே, 45 என்று மறுபடி எழுதிக்கொண்டது. இன்னொரு தடவை இறங்கிப் பார்க்கட்டுமா என்று கேட்டான்.